மஞ்சள் பொட்டு விழாத வண்டி

வாரத்துக்கு ஒருவனாவது வந்துவிடுகிறான். ஓசூர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், கையில் போன் இருக்கும். “ண்ணா, ராலி ஓட்டணும். கம்மி விலைல ஒரு பழைய கார் வாங்கி எப்பிடி ஸ்டார்ட் பண்றதுன்னு உங்களக் கேட்டா தெரியும்னாங்க” என்பான். யார் சொன்னது என்று நான் கேட்பதில்லை. ஜூஜுவாடியில் தொடங்கி எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும், காட்டு ரோட்டில் பந்தயம் ஓடுகிற காரைக் கட்டத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டால் என் பெயரைத்தான் சொல்வார்கள். சொல்வதற்கு வேறு பெயர் இருந்ததில்லை.

பட்டறையை மூடிவிட்டேன். முதுகு போய்விட்டது. வண்டிக்கு அடியில் படுத்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். இடத்துக்காரர் அங்கே குடோன் கட்டிவிட்டார். அதனால் வருகிற பிள்ளைகளை டீக்கடையில் உட்காரவைத்துத்தான் பேசுகிறேன். தட்டிக்கொடுக்கிற பேச்சை எதிர்பார்த்து வருகிறார்கள். என்னிடம் அது கிடையாது. பாதி டீயிலேயே எழுந்துவிடுகிறார்கள். எழுதி வைத்தால் முழுக்கக் கேட்பார்களோ என்னவோ.

நான் ஆறாம் வகுப்பு பெயில். சாமல்பட்டிப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்த வீட்டில் கடைசிப் பிள்ளை. ஓசூருக்கு வந்து நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை, பிறகு லாரிப் பட்டறை, பிறகு ஒரு வண்டித் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கற்றுக்கொண்ட கதையை நீட்டினால் எல்லோருடைய கதை மாதிரிதான் இருக்கும். அடி, திட்டு, கிரீஸ். யாரும் என் கையைப் பிடித்துச் சொல்லித் தரவில்லை. தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிற சத்தத்திலேயே எந்தப் பக்கத்துச் சக்கரத்தின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டியே சொல்லியிருக்கிறேன், தோற்றதில்லை. இந்தக் காதுக்காகத்தான் தொழிற்சாலையில் என்னைச் சோதனை ஓட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். புது வண்டிகளைக் கல்லிலும் குழியிலும் ஓட்டி, எங்கே உடைகிறது என்று பார்க்கிற இடம் அது. அங்கே எங்களுக்கு மேலாளாக இருந்தவர் ரெட்டி சார்.

ரெட்டி சார் பாகலூர்ப் பக்கத்துக்காரர். எங்களிடம் தமிழ், கன்னடக்காரனிடம் கன்னடம், வேலை விஷயத்தில் கண்டிப்பு வந்துவிட்டால் மட்டும் வீட்டுத் தெலுங்கு. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒல்லியான ஆள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். ஸ்பானரைத் தொட மாட்டார். சட்டைப் பையில் நீளக் கம்பியின் நுனியில் ஒட்டிய வட்டக் கண்ணாடி ஒன்று, பேனா மாதிரி ஒரு டார்ச் ஒன்று, இவ்வளவுதான் அவர் ஆயுதம். வண்டிக்கு அடியில் அந்தக் கண்ணாடியை நீட்டி வெளிச்சம் அடித்து ஒவ்வொரு நட்டாகப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் இரண்டு கேள்வி கேட்பார்.

“எவரு பிகிஞ்சாரு?” யார் முறுக்கியது.

“எவரு சூசாரு?” யார் பார்த்தது.

இரண்டுக்கும் வேறு வேறு ஆள் கை தூக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு முறை கை தூக்கினால் வண்டி நகராது.

அங்கே முறை இதுதான். ஒருவன் இறுக்கத்துக்கு அளவு குறித்த டார்க் ரெஞ்சை வைத்து ‘டக்’ என்று சத்தம் வருகிற வரை முறுக்குவான். முறுக்கியதும் நட்டும் தகடும் சேருகிற இடத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பான். பிறகு நட்டு கொஞ்சம் சுழன்றாலும் அந்தப் பொட்டு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேல் வேறொருவன் வந்து மறுபடி ரெஞ்சு வைத்துப் பார்த்து, பக்கத்தில் மஞ்சள் பொட்டு வைப்பான். வெள்ளைக்காரன் மஞ்சள் டப்பாவைத் தொடக் கூடாது, மஞ்சள்காரன் வெள்ளையைத் தொடக் கூடாது. பொட்டு இல்லாத நட்டு ரெட்டி சாருக்கு முறுக்காத நட்டு. “காலைலதான் சார் நானே முறுக்கினேன்” என்றால், “காலைல சாப்பிட்டியா? அப்போ மதியம் சாப்பிட மாட்டியா?” என்பார்.

எனக்கு ஜோடி அந்தோணி. ஓசூர்க்காரன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவன். நான் வெள்ளை, அவன் மஞ்சள். பிடிவாதத்தில் என்னையும் மிஞ்சியவன். என் வேலையை அவன் பார்த்தால் எனக்கு முதலில் கோபம் வரும். நான் முறுக்கியதை நீ என்ன பார்க்கிறாய் என்று இருக்கும். பழகிவிட்டது.

ஒரு நாள் சாப்பாட்டு சைரன் அடிக்கப் போகிற நேரம். திம்மராயன் என்று ஒருவன், பசி அவசரத்தில் இரண்டு பொட்டையும் தானே வைத்துவிட்டான். ரெட்டி சார் கண்ணாடியை நீட்டிப் பார்த்தார்.

“எவரு பிகிஞ்சாரு?”

“நான்தான் சார்.”

“எவரு சூசாரு?”

திம்மராயன் எங்கள் முகத்தைப் பார்த்தான். “அதுவும் நான்தான் சார். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் சார்” என்றான்.

ரெட்டி சார் சிரித்துக்கொண்டே டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். “நீயே முறுக்கின, நீயே பார்த்த. ரொம்ப நல்லது. இப்போ நீயே உள்ள கூர்ச்சோ, உக்காருப்பா. டிரைவர் ஓட்டட்டும்.”

குழிப்பாதையில் வண்டியை விரட்டினார்கள். திம்மராயன் மேல் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கியவன் நேராகச் சுவரோரம் போய் வாந்தி எடுத்தான். “இன்னாடா, கண்ணு நல்லாத் தெரியுதா?” என்று அந்தோணி கேட்டான். வரிசையே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் எவனும் இரண்டு டப்பாவைக் கையில் எடுத்ததில்லை.

தொழிற்சாலையில் என்னை நிரந்தரமாக்கவில்லை. படிப்பு இல்லையாம். வண்டியின் சத்தம் கேட்கப் படிப்பு எதற்கு என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். ஜூஜுவாடியில் சொந்தப் பட்டறை போட்டேன், அந்தோணியும் சேர்ந்துகொண்டான். சோதனை ஓட்டிகள் சிலர் விடுமுறை நாளில் ராலிக்குப் போவார்கள். ஒரு முறை கூடப் போனேன். அன்றைக்குப் பிடித்த பித்து.

ராலி என்றால் வட்டமாகச் சுற்றுகிற பந்தயம் இல்லை. தோப்பு ரோடு, ஏரிக்கரை, மலையடிவாரம் என்று சில மண்பாதைகளை அடைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள், யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து அடுத்த வளைவு என்ன என்று சொல்லிக்கொண்டே வருவான். ஒரு பாதைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சாதாரண ரோட்டில், சாதாரண வேகத்தில் போக வேண்டும். இடையில் சர்வீஸ் என்று ஓரிடத்தில் நிறுத்தி, இருபது நிமிஷத்துக்குள் வண்டியைச் சரிபார்த்து வெளியே அனுப்ப வேண்டும். ஒரு நிமிஷம் தாமதமானால் பத்து நொடி அபராதம்.

கம்மி விலைக் கார் என்று கேட்கிறார்களே, அதில் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. பழைய இரும்புக் கடைக்குப் போக நின்றிருந்த எண்ணூறு சிசி கார் ஒன்றை வாங்கினேன். உள்ளே இருந்த மெத்தை, தரைவிரிப்பு, பின்சீட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தேன். துரு ஏறிய இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்தேன். கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்க உள்ளே குழாய்க் கூண்டு கட்டினேன். அதற்குப் பக்கவாட்டில் பற்றவைத்த தையல் இல்லாத குழாய்தான் வேண்டும், தண்ணீர்க் குழாயைப் பற்றவைத்துக் கொண்டுவருகிறவனை நான் வாசலோடு அனுப்பியிருக்கிறேன். என்ஜின் எண்ணெய் நிற்கிற ஆயில் சம்ப்புக்கு அடியில் கல் அடிக்காமல் கனத்த தகடு. நல்ல சீட்டு, நல்ல பெல்ட், நல்ல டயர். என்ஜினைத் தொடவே இல்லை. முதல் காரிலேயே என்ஜினுக்குச் செலவழிக்கிறவன் முதல் ராலியிலேயே வீட்டுக்குப் போவான். முதல் வருஷம் வேகம் இல்லாத, நேரக் கணக்கு மட்டும் பார்க்கிற ராலிகளில் ஓடி ரோடு படிக்க வேண்டும். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. வீட்டுக்குள் திரை முன்னால் ஸ்டியரிங் பிடித்துப் பழகிவிட்டு வருகிறார்கள். திரையில் நட்டு கழலாது.

சோதனை ஓட்டி ஒருவன் ஓட்டினான், என் கார் ஜெயித்தது. பெங்களூர்ப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் என் பட்டறைக்கு வந்து நின்றார்கள். ஜெயிக்கும்போது பரிசு விழா நட்சத்திர ஓட்டலில் நடக்கும். டிரைவர் மேடைக்குப் போவான். நாங்கள் மெக்கானிக்குகள் கிரீஸ் சட்டையோடு கார் நிறுத்துகிற இடத்தில் பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவோம். ஒரு வருஷம் நானும் அந்தோணியும் உள்ளே போகப் பார்த்தோம். காவலாளி, “சர்வீஸ் ஆளுங்க பின்வாசல்” என்றான். ராலியில் மெக்கானிக்கின் இடம் எது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் விடவில்லை, காரணம் குமரேசன்.

குமரேசன் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன். பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில் ஒப்பந்த வேலை. அதற்கு முன்னால் கிருஷ்ணகிரியில் மாங்காய் லோடு வேன் ஓட்டியவன். மாங்காய் லோடு ஓட்டுவது லேசான காரியம் இல்லை. மண்டிக்கு முதலில் போய்ச் சேர வேண்டும், ஆனால் ஒரு காய் அடிபடக் கூடாது. அப்படிப் பழகிய கை. குழியில் வண்டி விழுந்து எழுவதே தெரியாது, ஆனால் நேரத்தைப் பார்த்தால் முதலில் நிற்பான். நான் பார்த்த டிரைவர்களில் அவனுக்கு இணை இல்லை. என் காரை அவனிடம் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ரோடு சொல்ல அத்திப்பள்ளிப் பையன் மஞ்சுநாத். நானும் அந்தோணியும் சர்வீஸ். வெள்ளை டப்பாவும் மஞ்சள் டப்பாவும் எங்களோடு வந்துவிட்டன.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு ராலியைப் பற்றித்தான்.

பெங்களூரில் ஒரு கம்பெனி சொந்தமாக ராலி அணி வைத்திருந்தது. அவர்களுக்கு ஒரு டிரைவர் சீட் காலியாக இருந்தது. அவர்களுடைய கார், அவர்களுடைய செலவு, மாதச் சம்பளம். அந்த அணியின் மேனேஜர் குமரேசனை இரண்டு ராலியில் பார்த்திருந்தார். “உன் கிளாஸ்ல ஃபர்ஸ்ட் முடிச்சிட்டு வா. சீட்டு உனக்குத்தான்” என்று என் காதுபடவே சொன்னார். சின்ன என்ஜின் வண்டிகள் எல்லாம் ஒரு கிளாஸ். அதில் முதலாவதாக வந்தால் போதும். குமரேசனின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு இருந்த ஒரே கதவு அது.

முந்தின நாள் மழை பெய்து சேறாகிக் கிடந்தது ரோடு. சூளகிரிக்கு உள்ளே தைல மரத் தோப்பிலும் மாந்தோப்பிலும் பாதைகள். பெரிய வீட்டுப் பிள்ளைகளின் வண்டிகள் வாய்க்காலில் இறங்கி நின்றன. குமரேசன் மாங்காய் ஏற்றியவன் மாதிரியே ஓட்டினான். கடைசிப் பாதைக்கு முந்தின சர்வீஸுக்கு வரும்போது எங்கள் கிளாஸில் முதலிடம். ஆனால் அடுத்தவனுக்கும் இவனுக்கும் இடைவெளி அரை நிமிஷம்கூட இல்லை.

சர்வீஸ் இடத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க், அதோடு வாட்டர் சர்வீஸ். சேற்றில் வண்டி எண் தெரியவில்லை என்று, அங்கே கழுவிக்கொண்டு வரலாம் என அமைப்பாளர்கள் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் கதவில் இருந்த எண் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் கார் மட்டும் வந்து நின்றபோது பளபளவென்று நின்றது. கிட்டே போனதும் டீசல் வாசனை மூக்கில் ஏறியது.

நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைத் தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குக் கொண்டுபோகிற அன்றைக்கு, அதிகாரி முன்னால் நிறுத்துவதற்கு முன், தூக்கி நிறுத்தி அடிப்பக்கம் முழுக்க அழுத்தத்தில் தண்ணீர் அடித்து, அதன் மேல் டீசலைப் புகை மாதிரி அடிப்பார்கள். துரு தெரியாது, எல்லாம் கறுப்பாக மின்னும். பெரிய மனிதர் பார்க்க வருகிறார் என்றால் அதுதான் மரியாதை.

“இன்னாடா பண்ணீங்க?” என்றேன்.

மஞ்சுநாத் சிரித்த முகத்தோடு இறங்கினான். “அண்ணா, மேனேஜரு சர்வீஸுக்கே வர்றாராம். அழுக்கு வண்டியவா காட்றது? வாட்டர் சர்வீஸ்காரரு நம்ம ராலி வண்டியப் பாத்ததும் ரேம்ப்ல ஏத்தி அவரே ஃபுல்லா அடிச்சுட்டாரு. துட்டே வாங்கலண்ணா.”

நான் படுத்து உள்ளே டார்ச் அடித்தேன். காலையில் நான் வைத்த வெள்ளைப் பொட்டு ஒன்றுகூட இல்லை. அந்தோணியின் மஞ்சளும் இல்லை. ஈரத்தில் வைத்த பெயிண்ட், சரியாகக் காயவில்லை. தண்ணீர் பாதியை உரித்தது, டீசல் மீதியைக் கரைத்துவிட்டது. அடிப்பக்கம் முழுக்க ஒரே எண்ணெய்ப் பூச்சு. எது கசிவு, எது டீசல் என்றுகூடத் தெரியாது. காலையிலிருந்து கல்லிலும் குழியிலும் அடி வாங்கிய வண்டி. கடைசிப் பாதை மலையடிவார இறக்கம், ஒரு பக்கம் கல் குவாரிப் பள்ளம்.

அந்தோணியும் பக்கத்தில் படுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எழுந்து போய் இரண்டாவது ரெஞ்சை எடுத்துவந்தான்.

“நாலு சக்கரமும் கழட்டு” என்றேன்.

குமரேசன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தான். “ண்ணா, என்னாத்துக்கு? டயர மட்டும் மாத்துனா போதும்ண்ணா. ஸ்டியரிங் கல்லு மாதிரி நிக்குது. ஒரு சத்தம் இல்ல.”

“பொட்டு இல்லடா.”

“காலைல நீங்கதான முறுக்குனீங்க?”

“ஆமா, நான்தான் முறுக்குனேன்.”

“நீங்க முறுக்குனது லூசாவுமாண்ணா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆகாது. என் கைக்கு அது ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் தெரியும் என்பதை வைத்து ஒருவனைப் பள்ளத்தின் ஓரம் அனுப்ப நான் கற்கவில்லை. “தள்ளி நில்லு” என்று மட்டும் சொன்னேன்.

முன் இடது பக்கத்தில் ஆரம்பித்தேன். துணியில் பெட்ரோல் நனைத்து நட்டைத் துடைப்பேன், ரெஞ்சு வைப்பேன். டக். வெள்ளை. நான் நகர்ந்ததும் அந்தோணி அங்கே வருவான். டக். மஞ்சள். கீழ்க்கை, பந்து மூட்டு, ஸ்டியரிங் கம்பி, ஷாக் அப்சார்பரின் மேல் நட்டு, கீழ் நட்டு. பிரேக்கில் டீசல் ஏறியிருந்தது. அதைக் கழுவித் துடைக்காமல் விட்டால் முதல் இறக்கத்திலேயே பிரேக் பிடிக்காது. இது தனி வேலை. அதை நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. வண்டி பளபளவென்று ஸ்டாண்டில் நின்றது. நாலு சக்கரமும் தரையில் கிடந்தன.

“வாட்ஸ் ராங்?” என்று குமரேசனைக் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல சார். ஜஸ்ட் செக்கிங் சார்” என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

மேனேஜர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

மஞ்சுநாத் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். “அண்ணா, பேடா அண்ணா, வேணாம்ண்ணா, டைம் ஆய்த்து அண்ணா. பின்சக்கரத்த விட்டுடுங்க. போலாம்ண்ணா.”

குமரேசன் என் பக்கத்தில் குனிந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ண்ணா, எனக்கு அடுத்த மாசம் வேல இல்ல. உங்களுக்குத் தெரியும். உசுரு என்னுது. நான் போறேன்னு நானே சொல்றேன். எறக்கி விடுங்க.”

“உசுரு உன்னுதுதான். வண்டி என்னுது” என்றேன். “அந்தோணி மஞ்ச வெக்காம இந்த வண்டி எறங்காது.”

குமரேசன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கழற்றிப் போட்ட ஒரு சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். எங்கள் இருபது நிமிஷம் தாண்டிவிட்டது. எதிரே வேறு வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்குப் பின்னால் இரண்டாவதாக இருந்த வண்டியும் போனது. அந்த டிரைவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். நல்ல மனசோடுதான் ஆட்டியிருப்பான்.

கடைசி நட்டு பின் வலது பக்கம். டக். வெள்ளை. அந்தோணி வந்தான். டக். மஞ்சள். சக்கரம் ஏற்றி வண்டியை இறக்கினோம். நான் எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டேன். சுற்றிலும் கூட்டம் நின்றிருந்தது, அமைப்பாளர்களில் இரண்டு பேர், மேனேஜர், பக்கத்து அணி மெக்கானிக்குகள். என்னவோ பெரிய கோளாறு என்று நினைத்திருந்தார்கள். எனக்கு மார்பு நிமிர்ந்தது. காலையிலிருந்து அத்தனை அடி வாங்கியும் என் முறுக்கு அசையவில்லை.

“ஒண்ணுகூட லூஸ் இல்ல!” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். “நான் முறுக்குனது! ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டு அசையல!”

குமரேசன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

கடைசிப் பாதையில் அவன் ஓட்டிய நேரத்தைப் பெரிய என்ஜின் வண்டிகள்கூட அன்றைக்குத் தொடவில்லை. சர்வீஸ் தாமதத்துக்கு அபராதம் சேர்ந்ததும் கிளாஸில் மூன்றாம் இடம். கையை ஆட்டிவிட்டுப் போனவனுக்குத்தான் சீட்டுப் போனது. மேனேஜர் குமரேசனுக்குக் கை கொடுத்து, “பேட் லக். நெக்ஸ்ட் இயர் பாக்கலாம்” என்றார். அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி அணியையே கலைத்துவிட்டது.

ராலி ஆட்கள் என்னைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். கட்டினால் அவர் கட்டிய வண்டியில் உட்கார வேண்டும் என்று ஒரு பேச்சு. ஜெயிக்க வேண்டும் என்றால் அவரிடம் போகாதே என்று இன்னொரு பேச்சு. இரண்டாவதுதான் நன்றாகப் பரவியது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் பெங்களூரிலேயே பட்டறை பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்குக் காரை வாடகைக்கு எடுக்கலாம், மெக்கானிக்கோடு சேர்த்தே தருகிறார்கள். டிரைவர் வந்து உட்கார்ந்தால் போதும். யார் முறுக்கியது, யார் பார்த்தது என்று ஒருவனும் கேட்பதில்லை. கேட்டால் கம்ப்யூட்டரைக் காட்டுகிறார்கள். ரெட்டி சார் இறந்தபோது நானும் அந்தோணியும் போயிருந்தோம். அணிக்காரர்களில் ஒருவரையும் அங்கே பார்க்கவில்லை. அவர் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

குமரேசன் அதற்குப் பிறகு என் பட்டறைக்கு வரவில்லை. ராலிக்கும் போகவில்லை. கொஞ்ச நாள் லாரி ஓட்டினான், பிறகு ஓசூரில் ஒரு கம்பெனியின் ஷிப்ட் பஸ்ஸுக்கு டிரைவரானான் என்று அந்தோணி சொல்லித் தெரியும். நானாகப் போய்ப் பார்க்கவில்லை. செய்தது தப்பு என்றால்தானே போக வேண்டும்?

போன மாதம் ஜூஜுவாடி ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ஷிப்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஹாரன் அடித்தது. கதவு திறந்தது.

“ஏறுங்கண்ணா. ஓசூரு தான?”

முடி நரைத்திருந்தான். முன்சீட்டில் உட்கார்ந்தேன். பாலத்துக்கு அடியில் பள்ளமும் மேடுமாகக் கிடக்கிற சர்வீஸ் ரோட்டில் அந்தப் பெரிய பஸ் குலுங்காமல் போனது. கை அதே கைதான்.

“முதுகு எப்பிடி இருக்குதுண்ணா?”

“இருக்குது. உனக்குப் பசங்க?”

“பொண்ணு பத்தாவது. பையன் சின்னவன்.”

சிப்காட் சிக்னலில் நிறுத்தினான். கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“ஏண்ணா, அன்னைக்கு ஒரே ஒரு நட்டாவது லூசா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

“எதுவும் லூசா இல்லியேடா.”

“தெரியும்ண்ணா. நீங்க சொன்னது அந்த மைதானத்துக்கே கேட்டுச்சு.” அவன் குரலில் சண்டை இல்லை. “பொய்யா ஒண்ணு சொல்லியிருந்தா, அண்ணன் நம்ம உசுரக் காப்பாத்துனாருன்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு இந்த வண்டிய ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன். அது போதும்ண்ணா எனக்கு. அந்தச் சீட்டு எதுக்குப் போச்சுன்னு தெரியாமயே இத்தன வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்கறேன்.”

பச்சை விழுந்தது. அவன் கியர் போட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஓரம் கட்டினான்.

“பாத்து எறங்குங்கண்ணா. படி ஒசரம்.”

இறங்கினேன். பஸ் போய்விட்டது.

பொட்டு அழிந்த வண்டி நாளைக்கு என் முன்னால் வந்து நின்றாலும் நாலு சக்கரத்தையும் கழற்றத்தான் சொல்வேன். டிரைவர் அழட்டும், மேனேஜர் மணியைப் பார்க்கட்டும், அந்தோணி மஞ்சள் வைக்காமல் வண்டி இறங்காது. எல்லாம் சரியாக இருந்தால், சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். மெதுவாகச் சொல்வேன். அவ்வளவுதான் என்னால் மாற முடியும்.